கடல் எங்கே போகிறது

கடல் எங்கே போகிறது என்று நான் கேட்டபோது என் மாமியார் கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கல்யாணமாகி மண்டபத்துக்கு வந்த புதிது. அன்று காலை கதவைத் திறந்தால், முந்தின நாள் வரை அலை அடித்துக்கொண்டிருந்த இடம் சேறும் பாசியுமாகக் கிடந்தது. வள்ளங்கள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. தண்ணீர் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது.

“எங்க போச்சுன்னா என்னத்தச் சொல்ல? போற எடத்துக்குப் போயிருக்கு. போனா வரும்.”

“எப்ப வரும் அத்த?”

“வாரப்ப வரும். நீ அந்த அருவாமனையக் கழுவி வையி.”

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அவருக்கு அது ஒரு கேள்வியே இல்லை, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒன்றை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நான் முதுகுளத்தூர்ப் பக்கம், மிளகாய்க் காட்டு ஊரில் பிறந்தவள். எங்கள் ஊரில் தண்ணீர் போனால் போனதுதான். கண்மாய் வற்றிவிட்டால் அடுத்த மழைக்குத்தான் மறுபடி பார்க்கலாம். அந்த மழையும் வந்தால் உண்டு. மேகமே இல்லாத வானத்தின் கீழ் அத்தனை தண்ணீரும் காலையில் போய் சாயங்காலம் திரும்பி வந்து நின்றதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். மீன் விற்க வரும் அக்கா, “அமாவாசை முடிஞ்சா இப்புடித்தான்” என்றார். வள்ளத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், “அமாவாசையாவது ஒண்ணாவது, எல்லாம் காத்து” என்றார். நான் வேலைக்குச் சேர்ந்திருந்த கடையின் முதலாளி, “பூமி சூடாகிக்கிட்டே வருதுல்லம்மா, அதான்” என்றார். மூன்று பேருமே கொஞ்சமும் சந்தேகமில்லாமல் சொன்னார்கள். எனக்குத்தான் முன்பு ஒரு குழப்பம் இருந்த இடத்தில் இப்போது மூன்று இருந்தன.

கடை என்றால் ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்போம். சாதிச் சான்றிதழ், பட்டா, பாஸ்போர்ட் என்று நாள் முழுக்க அடுத்தவர்களின் பிறந்த தேதியையும் முகவரியையும் தட்டிக்கொண்டிருப்பேன். கூட்டமில்லாத மத்தியான வேளையில் இணையத்தில் கடலைத் தேடினேன். தமிழில் தட்டினால் வந்ததெல்லாம் வீடியோக்கள். சிவப்பு அம்புக்குறி, வாய்பிளந்த முகம், நெஞ்சு படபடக்கிற மாதிரி ஓர் இசை. “கடல் உள்வாங்கியது, மக்கள் பீதி.” பத்து நிமிடம் பார்த்தாலும் பீதி மட்டும்தான் இருந்தது, ஏன் உள்வாங்கியது என்பது இல்லை. ஆங்கிலத்தில் சில கட்டுரைகள் கிடைத்தன. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். நிலவு இழுக்கிறது, காற்று தள்ளுகிறது, கரையின் ஆழமும் அமைப்பும் ஒரு காரணம் என்று பொதுவாகப் புரிந்தது. ஆனால் என் வீட்டு வாசலில் இருக்கிற இந்தக் கடல் இன்றைக்கு ஏன் இவ்வளவு தூரம் போனது என்று அதில் யாரும் எழுதியிருக்கவில்லை. என் வாசலைப் பற்றி வேறு யார் எழுதுவார்கள்? நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வடக்குக் கரையில் பாதி இடிந்த பழைய படகுத்துறை ஒன்று இருக்கிறது. அதன் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்று, கடைக்குப் போகும் வழியில் தினமும் ஒரு படம் எடுத்தேன். தூண் எப்போதும் படத்தின் இடது ஓரத்தில் வரவேண்டும். அப்போதுதான் நேற்றைக்கும் இன்றைக்கும் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று தெரியும். படங்களை வைக்க முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினேன். என் பெயரும் இல்லை, முகமும் இல்லை. கடல் மட்டும்.

படத்தோடு இரண்டு வரி எழுத வேண்டும் என்றபோதுதான் வம்பு வந்தது. முதல் நாள் “இயற்கை அன்னையின் விந்தை பாரீர்” என்று எழுதினேன். போட்டுவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. அழித்தேன். அடுத்த நாள் செய்தி வாசிப்பவரைப் போல “மண்டபம் வடக்குக் கடற்பகுதியில் இன்று காலை” என்று ஆரம்பித்தேன். அதுவும் என் குரல் இல்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் கண்ணால் பார்த்த ஒன்றைப் பார்த்தபடி எழுத எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஒரு வாரம் போல எழுதி எழுதி அழித்த பிறகு இப்படி வந்தது: “தண்ணீர் தூணைத் தொடவில்லை. தெக்கத்திக் காற்று. நண்டு வளைகள் காய்ந்து கிடக்கின்றன.” அதை நான் அழிக்கவில்லை. அதில் நான் பார்க்காதது எதுவும் இல்லை. எழுத்து என்றால் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குப் பிடி கிடைத்த இடம் அது.

படிக்க ஆளில்லை. கடை முதலாளியும் என் சித்தி மகளும் விருப்பக்குறி போடுவார்கள். பிறகு மெல்ல நாலு பேர் வந்தார்கள். “அக்கா கடலுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்குறாங்க” என்று ஒருவர் எழுதினார். “வீட்டில் வேலை இல்லையா?” என்றார் இன்னொருவர். எங்கள் ஊரிலிருந்து பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போன ஓர் அண்ணன் மட்டும் நாள் தவறாமல் வருவார். ஒரு நாள் நான் படம் போடாவிட்டால், “இன்னைக்கி நம்ம கடல் எங்கம்மா?” என்று கேட்டுவிடுவார். ஒரு தடவை, “மத்தியானத்துக்குள் தண்ணீர் திரும்பிவிடும்” என்று கொஞ்சம் தெம்பாக எழுதினேன். திரும்பவில்லை; சாயங்காலம்தான் வந்தது. கிண்டல் செய்தவர்கள் கூடி வந்துவிட்டார்கள். “நான் சொன்னது தப்பு. ஏன் தப்பானது என்று தெரியவில்லை” என்று எழுதினேன். அந்த அண்ணன், “காத்து நிக்கலம்மா, அதான் தண்ணி வரல” என்று பதில் போட்டார். அதற்குப் பிறகு காற்றையும் சேர்த்துக் கவனிக்க ஆரம்பித்தேன்.

இப்படியே ஒன்றரை வருஷம் போல ஓடியது. பிறகுதான் அந்த நாள் வந்தது.

கோடை. அமாவாசைக்கு மறுநாள். தெக்கத்திக் காற்று இரண்டு நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் நான் பார்த்திராத தூரத்துக்குத் தண்ணீர் போயிருந்தது. எனக்குச் சந்தோஷம்தான், நிலவும் காற்றும் ஒரே நாளில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று காத்துக்கொண்டிருந்தவள் நான். படம் எடுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

பத்து பதினொரு மணிக்கு ஒரு பெண் அவசரமாகக் கடைக்குள் வந்தார். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டி, “எல்லாத்துலயும் ரெண்டு காப்பி போடும்மா, சீக்கிரம்” என்றார்.

“என்னக்கா, எதுக்கு அப்ளை பண்றீங்க?”

“அப்ளையும் இல்ல ஒண்ணும் இல்ல. கடல் உள்ள போயிருச்சாம்ல. வீட்டப் பூட்டிட்டுப் பரமக்குடிக்குப் போறோம்.”

தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வீடியோ ஓடியது. சிவப்பு அம்புக்குறி, அந்தப் படபடப்பு இசை. “மீண்டும் வருகிறதா அந்த நாள்?” என்று ஓர் ஆண்குரல். எந்த நாள் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்புக்குறி காட்டிய படத்தின் இடது ஓரத்தில் என் தூண் இருந்தது. தூணின்மேல், படம் எடுக்கும்போது நான் வைத்த நீலநிறச் சாப்பாட்டு டப்பா இருந்தது. அந்த டப்பா அப்போது என் காலடியில் பைக்குள் கிடந்தது.

அதற்குள் கடைவாசலில் இன்னும் நாலு பேர், கையில் அதே காகிதங்களோடு. என் போன் அடித்தது. ஊரிலிருந்து அய்யா, என் அப்பா.

“ஏத்தா, கெளம்பி இங்கன வந்துரு. மாப்பிள்ளையையும் சம்மந்தியம்மாவையும் கூட்டிக்கிட்டு வா.”

“அய்யா, அது நான் எடுத்த படம். இது அடிக்கடி நடக்குறதுதான்.”

“எடுத்தது நீயா இருந்தா என்ன? கடல் போயிருச்சா இல்லையா? அதச் சொல்லு.”

போயிருந்தது உண்மைதான்.

அடுத்து என் கணவர். மீன் ஏற்றிய வேனோடு மதுரைக்குப் போகிற வழியில் நிறுத்திப் பேசினார். “மொதல்ல அந்தப் படத்த எடுத்துரு. ஊரே உன்னையத்தான் சொல்லப் போகுது.”

“நான் எடுத்துட்டா அவங்ககிட்ட இருக்குறது போயிருமா?”

“வம்பு வேணாம் புள்ள. சொல்றதக் கேளு.”

போனை வைத்தேன். அதிகாரிகள் எச்சரிக்கை எதுவும் கொடுத்திருக்கிறார்களா என்று முதலாளி ஒரு பக்கம் விசாரித்தார். எதுவும் இல்லை, பயப்பட வேண்டியதில்லை என்று பதில் வந்தது. நான் அந்த வீடியோவைப் போட்டவருக்குச் செய்தி அனுப்பினேன். படம் என்னுடையது, எங்கள் கரையில் இது புதிதில்லை, மக்கள் வீட்டைப் பூட்டுகிறார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று. ஆச்சரியம், அவரே கூப்பிட்டார். மரியாதையான குரல்.

“சிஸ்டர், நாங்க வரும்னு எங்கயும் சொல்லலையே. வருகிறதான்னு கேள்விதான கேட்டிருக்கோம்? கேள்வி கேக்குறது தப்பா?”

அந்த இடத்தில் நான் தடுமாறிவிட்டேன். என் வாழ்க்கை முழுக்க நான் செய்ததும் கேள்வி கேட்டதுதான். சின்ன வயதில் அதற்காகவே அடிவாங்கியிருக்கிறேன்.

“கேட்டீங்கள்ல, பதில் தெரிஞ்சுக்க யார்கிட்டயாவது பேசினீங்களா?” என்றேன்.

“அதுக்கெல்லாம் டைம் எங்க சிஸ்டர். உங்ககிட்ட வேற ஆங்கிள்ல படம் இருக்கா? உங்க பேர் போட்டுடலாம்.”

பேச்சை முடித்துக்கொண்டேன். தலை தெளிந்துவிட்டது. அவருடையதும் கேள்விதான். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடுகிற கேள்வி. நான் ஓட வேண்டியதில்லை. என் கேள்வியின் பதில் இங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. போய் நிற்க வேண்டியதுதான்.

முதலாளியிடம் சொல்லிவிட்டுத் தூணுக்குப் போனேன். உச்சி வெயில். ஒரு படம் எடுத்து எழுதினேன்: “பரவுகிற படம் நான் காலையில் எடுத்தது. அமாவாசையும் தெக்கத்திக் காற்றும் சேர்ந்த நாள் இது. நான் இப்போது அதே இடத்தில் நிற்கிறேன். தண்ணீர் திரும்பும்வரை நிற்பேன். விட்டுவிட்டுப் படம் போடுவேன்.” பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, நேரலையையும் போட்டேன். என் முகத்தைக் காட்டவில்லை. சேறும் வள்ளங்களும் தூரத்துத் தண்ணீரும்தான்.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. படித்ததும் பார்த்ததும் தைரியம் சொன்னாலும், பார்வையாளர்கள் ஏற ஏற தூரத்துத் தண்ணீர்க் கோட்டை அடிக்கடி பார்த்துக்கொண்டேன். “அலை வந்தா அக்கா லைவ்லயே போயிருவாங்க” என்று ஒருவர் எழுத, அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. பஹ்ரைன் அண்ணன் வேலை நேரத்திலும் வந்துவிட்டார். “காத்து குறையுதான்னு பாரும்மா” என்று எழுதினார். சிரிப்புகளுக்கு நடுவே அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கரையில் கூட்டம் சேர்ந்தது. கடலைப் பார்க்க வந்தவர்கள் பாதி, என்னைப் பார்க்க வந்தவர்கள் பாதி. மாமியார் குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்தார்.

“கருவாடாட்டம் காஞ்சுக்கிட்டு நிக்கிற. ஒனக்கு என்ன கிறுக்கா?”

“வாரப்ப வரும்னு நீங்கதான அத்த சொன்னீங்க. எப்ப வருதுன்னு பாக்குறேன்.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, “ஏலே, எல்லாவனும் இந்தக் கடல்லயே பொறந்து வளந்தவய்ங்கதான? ஊரான் போன்ல காட்டுனா பயந்துருவீகளா?” என்று சத்தம் போட்டார். அது என் நேரலையில் அப்படியே போனது. அன்றைக்கு அதிகம் பேர் திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான்.

காற்று பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத் தணிந்தது. தண்ணீர் அலையாக வரவில்லை. முதலில் நண்டு வளைகளில் ஈரம் மினுங்கியது. சேற்றின் பள்ளங்களில் கண்ணாடித் துண்டு மாதிரி அங்கங்கே தண்ணீர் தெரிந்தது. துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. சாய்ந்து கிடந்த வள்ளங்களில் தூரத்தில் இருந்த ஒன்று லேசாக அசைந்தது. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து நின்றது. அதற்குப் பிறகு பக்கத்தது. தண்ணீர் என் செருப்பைத் தொட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து செருப்பைக் கழற்றுவது மாதிரி துடைத்துக்கொண்டேன்.

“வந்துருச்சு” என்று மட்டும் எழுதினேன்.

அய்யா போன் செய்தார். அவரிடம் பட்டன் போன்தான். டீக்கடையில் யாருடைய போனிலோ முழுவதையும் பார்த்திருக்கிறார். “பாத்தேன் ஆத்தா. கால்ல முள்ளு கிள்ளு குத்தலையே?” என்றார்.

நியாயம் கிடைத்துவிட்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அந்த வீடியோ இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்தவர்களில் ஒரு சிறு பங்குகூட என் நேரலையைப் பார்க்கவில்லை. போதாததற்கு, அன்று சாயங்காலமே அதே ஆள் என் நேரலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, “திடீரெனத் திரும்பிய கடல், காரணம் என்ன?” என்று இன்னொரு வீடியோ போட்டார். அதிலும் அம்புக்குறி. இந்தத் தடவை அது என் மாமியாரின் குடையைக் காட்டிக்கொண்டிருந்தது. புகார் செய்தேன், பதில் வரவில்லை. செய்தி அனுப்பினேன், என்னைத் தடை செய்துவிட்டார்.

மதுரையிலிருந்து திரும்பிய கணவர் சாப்பிட்டு முடித்தார். பிறகு சொன்னார். “இத்தோட விட்டுரு. நாளைக்கு வேற எவனாவது வேற மாதிரி எடுத்துப் போடுவான்.”

“போடட்டும். நான் விட்டா அவன் போடுறது மட்டும்தான் இருக்கும்.”

“ஒனக்கு என்ன கெடைக்குது இதுல?”

யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. “தெரிஞ்சுக்கிடணும்னு இருக்கு. அவ்வளவுதான்.”

அவர் தட்டில் கையைக் கழுவினார். “மூஞ்சி மட்டும் வேணாம்” என்றார்.

“மூஞ்சி என்னைக்கும் இருந்ததில்ல. கடல்தான் இருக்கு.”

அதற்குமேல் அவரும் தடுக்கவில்லை, நானும் விடவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு படத்தின் நடுவிலும் நாளையும் நேரத்தையும் பெரிதாகப் பதித்தேன். படம் அழகாக இல்லை என்றார்கள். அழகுக்கு நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே, தண்ணீர் திரும்பி வந்த பிறகு இன்னொரு படத்தையும் சேர்த்தேன். போனதை மட்டும் தனியாக யாரும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. எழுதுவதும் கொஞ்சம் நீண்டது. முன்பு பார்த்ததை மட்டும் எழுதுவேன். இப்போது தெரியாததையும் எழுதுகிறேன். தெரியாது என்று சொல்லியே எழுதுகிறேன். இணையத்தில் அந்த ஒரு சொல்லுக்கு இருக்கிற மதிப்பு எனக்கு வியப்பாக இருந்தது. “எனக்குத் தெரியவில்லை” என்று எழுதிய நாட்களில்தான் மீன்பிடிக்கிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று வந்து தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண். தெற்குக் கரையில் ஓர் ஊர், கணவர் சவூதியில். நேரலை நடந்த நாளைப் பற்றி ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். “நீங்க அன்னைக்கி கடல் போயிருச்சுன்னு நின்னீங்கள்ல, அதே நேரம் எங்க பக்கம் தண்ணி ஏறி எங்க வீட்டுச் சுவத்தத் தொட்டுச்சு. மாமி பாயெல்லாம் சுருட்டி மேல வச்சாங்க. நெசமா சொல்றேன், அல்லாஹ் மேல ஆணையா.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் ஊருக்கும் தெற்கே ஒரு கரை இருக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கரையிலும் ஓர் ஆள் நிற்க முடியாது. இத்தனை நாளாக நான் பாதிக் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெக்கத்திக் காற்று எங்கள் கரையிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளுகிற அதே நேரத்தில், அவர்கள் கரைமேல் கொண்டுபோய்க் குவிக்கிறது போலும்.

இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படம் எடுக்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் போடுகிறோம். நேரில் பார்த்ததில்லை, குரலில்தான் பழக்கம். சண்டையும் போடுகிறோம். காற்றுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. நிலவை விட்டுவிட முடியாது என்பது என் கட்சி. வடக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழாக மாற வேண்டும் என்று அவர் சொல்கிறார். மாறுகிறதா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தால்தான் தெரியும்.

மழை இந்த வாரம் தொடங்கிவிட்டது. இன்று காலை அவரிடமிருந்து செய்தி வந்தது. “இங்க நல்ல மழை. போனு நனஞ்சு போகும்னு எங்க வீட்டு மச்சான் சவூதிலேருந்தே ஏசுறாங்க. பாலித்தீன் கவரச் சுத்திக்கிட்டுப் போறேன். நீங்க?”

அடுப்பைத் தணித்துவிட்டு, ரேஷன் சர்க்கரை வாங்கிய கவரை உதறி, போனை அதற்குள் போட்டேன். “நானும் வாரேன்” என்று பதில் அனுப்பிவிட்டு மழையில் இறங்கினேன்.